பதிவு செய்த விரிவுரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவு அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பருவம் தொடங்கும் வாரத்திலும் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் என் கதவைத் தட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் ஆசிரியர்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சொன்ன பதில் மறுபடியும் வேண்டியிருந்தால் அதன் எண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

1. விரிவுரையைப் பதிவது என்றால் என்ன? வகுப்பை வீடியோ எடுத்துப் போடுவதுதானே?

ஒரு விரிவுரையில் மாணவருக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: ஆசிரியரின் குரல், திரையில் காட்டிய ஸ்லைடு, பலகையில் எழுதிய எழுத்து. ஆசிரியரின் முகம் நான்காவது இடத்தில்தான் வருகிறது. முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்து, பலகை வெள்ளையாக வெளிறி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும் பதிவுகள் எங்களிடம் ஏராளம். அவற்றைப் பார்த்து யாரும் படிப்பதில்லை.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இயற்பியல் விரிவுரைகள் நடத்தியபோது குரலை ஒலிநாடாவில் பதிந்தார்கள், கரும்பலகையைப் புகைப்படம் எடுத்தார்கள். அந்த இரண்டையும் வைத்துத்தான் உலகம் முழுவதும் இன்றும் படிக்கப்படும் பாடநூல் உருவானது. அதனால் கருவி போதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வருவதில்லை.

2. இதெல்லாம் பெருந்தொற்றுக் காலத்தில் வந்த பழக்கம்தானே?

இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியிலேயே பி.பி.சி. வழியாகப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடப்பொருள்களை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக 2001-இல் அறிவித்து, அடுத்த ஆண்டு 50 பாடங்களோடு தொடங்கியது. இந்தியாவில் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தை 2003-இல் ஆரம்பித்தன. தொற்றுக் காலம் செய்தது ஒன்றுதான்: அதுவரை விரும்பியவர்கள் மட்டும் செய்துவந்ததை விரும்பாதவர்களையும் செய்ய வைத்தது.

3. பதிவுதான் இருக்கிறதே, வகுப்புக்கு ஏன் வர வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு மூன்று மணி நேரம், பதினான்கு வாரங்கள். மொத்தம் 210 மணி நேரம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தால், நாளுக்குப் பத்து மணி நேரம் பார்த்தாலும் 21 நாள் ஆகும். அவ்வளவு படிப்பு விடுமுறை எந்தத் தேர்வுக்கும் கிடைக்காது.

யார் எப்போது பார்த்தார்கள் என்ற பதிவேடு என் கணினியில் இருக்கிறது. பருவம் முழுவதும் தரையோடு தரையாகக் கிடக்கும் கோடு, தேர்வுக்கு முந்தைய இரவு செங்குத்தாக எழும். அந்த இரவில் முதல் வாரத்துப் பதிவை முதன்முறையாகத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் இருபதாவது நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். வகுப்பில் உட்கார்ந்து, புரியாமல் போன பத்து நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் பதிவு உண்மையில் உதவுகிறது.

4. பதிவைக் கொடுத்தால் வகுப்பு காலியாகிவிடும். நான் யாருக்குப் பாடம் நடத்துவது?

இந்தப் பயம் நியாயமானது. வருகை குறைகிறதா என்று செய்த ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைந்திருக்கிறது, சில இடங்களில் மாற்றமே இல்லை. என் அனுபவத்தில், ஸ்லைடை அப்படியே வாசிக்கும் வகுப்புகள்தான் பதிவு வந்ததும் காலியாகின்றன. கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, கணக்கை மாணவர்களோடு சேர்ந்து போடும் வகுப்புகளில் கூட்டம் அப்படியே இருக்கிறது. இதை ஆசிரியர்களிடம் நேரில் சொல்வதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

வராதவரை மட்டும் நினைத்து முடிவெடுக்க வேண்டாம். காய்ச்சலில் படுத்தவர், பகுதி நேர வேலை பார்க்கிறவர், பயிற்று மொழி இன்னும் வசப்படாதவர், கேட்டுக்கொண்டே வேகமாக எழுத வராதவர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் உண்டு. அதிகமாகத் திரும்பிப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

5. எந்தக் கேமரா வாங்கலாம்?

முதலில் மைக் வாங்குங்கள். படம் மங்கலாக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், ஸ்லைடைத் தனியே பார்த்துக்கொள்வார். குரல் கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டார். ஒலிக்குத் தூரம்தான் எதிரி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறையும், ஆனால் அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் அப்படியே இருக்கும். கூரையில் தொங்கும் ஐந்து விலையுயர்ந்த மைக்குகளைவிடச் சட்டையில் குத்திய ஒரு சாதாரண மைக் மேலானது என்று நான் சொல்வது இதனால்தான்.

முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் குத்துங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் கழற்றி மேசையில் வையுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஓர் ஆசிரியரின் எல்லாப் பதிவுகளிலும் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கம்பியை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், மைக்கையே மாற்றினேன். கடைசியில் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பலகைப் பக்கம் அவர் திரும்பும் ஒவ்வொரு முறையும் அட்டை மைக்கில் இடித்துக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு விஷயங்கள். வகுப்பு தொடங்கும் முன் அரை நிமிடம் பேசிப் பதிந்து, ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். பச்சை விளக்கு எரிவதை நம்ப வேண்டாம், அது மின்சாரம் வருகிறது என்று மட்டுமே சொல்லும். மாணவர் கேட்கும் கேள்வி உங்கள் மைக்கில் விழாது. அதை ஒரு முறை நீங்களே திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பதிவைக் கேட்கிறவருக்கு முப்பது விநாடி மௌனமும் பிறகு ‘ஆமாம், ஆனால் எப்போதும் அப்படியல்ல’ என்ற பதிலும்தான் கிடைக்கும்.

6. நான் ஸ்லைடு போடுவதில்லை, பலகையில்தான் எழுதுவேன். பதிவில் அது தெரியுமா?

தெரியும். கேமராவை அசையாமல் நிறுத்தி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் தானாக மாறாதபடி பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால், நீங்கள் குறுக்கே நடக்கும்போதெல்லாம் பலகை கறுத்து வெளுக்கும். வெண்பலகையாக இருந்தால் விளக்கின் பிரதிபலிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மஞ்சள், இளம்பச்சைப் பேனாக்களைத் தவிர்த்துவிட்டுக் கறுப்பிலும் நீலத்திலும் எழுதுங்கள். அழிக்கும் முன் ஐந்து விநாடி ஒதுங்கி நில்லுங்கள்.

பேச்சிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். ‘இதை இந்தப் பக்கம் கொண்டுபோனால் அது அடிபட்டுவிடும்’ என்பது வகுப்பில் இருப்பவருக்குப் புரியும். செல்பேசியின் சிறிய திரையில் பார்க்கிறவருக்கு எது இது, எது அது என்று தெரியாது. ‘வலப்பக்கத்தில் இருக்கும் மூன்று எக்ஸை இடப்பக்கம் கொண்டுபோனால்’ என்று சொல்லிப் பழகுங்கள். பார்வையற்ற மாணவர் வகுப்பிலேயே இருந்தால் அவருக்கும் அது பயன்படும்.

7. கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும்? என்னிடம் இருப்பது சிறிய டேட்டா பேக்.

நொடிக்கு ஒரு மெகாபிட் என்ற அளவில் சுருக்கினால் ஒரு மணி நேர வீடியோ 450 எம்.பி. வரும் (எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்.பி.). ஸ்லைடும் குரலும் மட்டும் உள்ள பதிவுக்கு அது தாராளம், ஏனென்றால் அசையாத படம் நன்றாகச் சுருங்கும். நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் அதே ஒரு மணி நேரம் 1.8 ஜி.பி. ஆகிவிடும். படிக்கிறவருக்கு அதனால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

ஒலியை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பிரித்தால் ஒரு மணி நேரம் 15 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு விரிவுரைக்கும் வீடியோ, தனி ஒலிக்கோப்பு, ஸ்லைடின் பி.டி.எஃப். என மூன்றையும் போடும்படி ஆசிரியர்களிடம் சொல்கிறேன். இணைப்பு மோசமாக இருப்பவர் ஒலியையும் பி.டி.எஃப்.பையும் இறக்கிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது கேட்டுவிடுவார். வீடியோவை எச்.264 என்ற சுருக்கும் முறையில் எம்.பி.4 கோப்பாக வைத்தால் பழைய செல்பேசியிலும் ஓடும்.

8. ஒரு மணி நேரத்தை அப்படியே போடலாமா? ஆறு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்களே?

அந்த ஆறு நிமிடம் 2014-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து எல்லோர் வாயிலும் பரவியது. எட்எக்ஸ் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மக்கள் தொடர்ந்து பார்க்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அதில் கண்டார்கள். ஆனால் அவர்கள் இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள், விட்டுவிட்டுப் போனால் நஷ்டம் இல்லாதவர்கள். தேர்வு எழுதியே ஆக வேண்டிய மாணவரை அதே கோலால் அளக்க முடியாது.

என் யோசனை: வெட்ட வேண்டாம், குறியிடுங்கள். ‘04:10 சென்ற வகுப்பின் மீள்பார்வை, 11:30 தேற்றம், 19:45 நிரூபணம், 38:00 கணக்கு’ என்று நான்கு வரி எழுதினால் போதும். பத்து நிமிட வேலை. கட்டாயம் வெட்ட வேண்டியது தொடக்கத்தை மட்டும்தான்: நாற்காலி இழுபடும் சத்தம், வருகைப் பதிவு, ‘புரொஜெக்டர் வேலை செய்கிறதா’ என்ற விசாரணை.

9. பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது? ‘விரிவுரை 7’ போதாதா?

போதாது. ‘விரிவுரை 7’, ‘விரிவுரை 7 புதியது’, ‘விரிவுரை 7 இறுதி’, ‘இறுதி 2’ என்று நான்கு கோப்புகள் வரிசையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். திறந்து பார்த்தால் இரண்டு கோப்புகள் ஒன்றேதான், ஒன்று வேறு பாடத்தினுடையது. ஆண்டு, மாதம், நாள், பாடக் குறியீடு, தலைப்பு என்ற வரிசையில் பெயர் வைத்தால் கோப்புகள் தாமாகவே தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். தலைப்பில், மாணவர் தேடும்போது தட்டச்சு செய்யக்கூடிய சொல் இருக்க வேண்டும்.

10. யூடியூபில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

உலகம் பார்க்கட்டும் என்று முடிவு செய்திருந்தால் முடிந்தது. வகுப்புக்கு மட்டும் என்றால் முடியவில்லை. தேடலில் வராதபடி வைக்கும் ‘அன்லிஸ்டெட்’ இணைப்பு பூட்டிய கதவு ஆகாது. இணைப்பு கையில் கிடைத்த யாரும் உள்ளே வரலாம். மாணவர்கள் உள்நுழைந்து பார்க்கும் மூடில் போன்ற பாடத்தளம் இருந்தால் அங்கேயே வையுங்கள். பதிவுகள் பெருகினால் ஓப்பன்காஸ்ட் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. பதிவது, சுருக்குவது, வெளியிடுவது எல்லாவற்றையும் அது ஒரே ஒழுங்கில் செய்யும். நிறுவிப் பராமரிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது எல்லாவற்றையும்விட மோசம். வீடியோ நசுங்கிப் பலகை எழுத்து அழிந்துவிடும். மூன்று வாரம் கழித்துத் தேடினால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்திருக்கும்.

11. பதிவிறக்கம் செய்ய விட்டால் திருடிவிட மாட்டார்களா?

திருட நினைப்பவர் திரையையே பதிந்துகொள்வார். பதிவிறக்கத்தைத் தடுத்தால் மாட்டிக்கொள்வது வீட்டில் இணைப்பு இல்லாமல் நூலகத்தில் இறக்கிக்கொண்டு போக நினைத்த மாணவர்தான். நான் திறந்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

12. இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்தால் மண்டையில் ஏறுமா?

பெரும்பாலும் ஏறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மடங்கு வேகம்வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை, அதற்கு மேல் போனபோது குறைந்தது. அவர்கள் காட்டியவை ரோமப் பேரரசின் வரலாறு போன்ற விளக்க உரைகள். கணித நிரூபணத்தை அந்த வேகத்தில் ஓட்டினால் பேனா பின்தங்கிவிடும். தெரிந்த பகுதியை வேகமாக ஓட்டுங்கள், தெரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

13. சப்டைட்டில் கட்டாயமா? என் வகுப்பில் காது கேளாதவர் யாரும் இல்லையே?

இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பலர் சொல்வதில்லை. வலைத்தளங்களை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையில், பதிவு செய்த வீடியோவுக்குச் சப்டைட்டில் வேண்டும் என்பது கடைசிப் படியில் இல்லை, அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கிறது.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்க்லி நல்ல உதாரணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அந்த வளாகம் ஆண்டுக்கணக்காக விரிவுரைகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவந்தது. காது கேளாத இருவரின் புகாரை விசாரித்த அமெரிக்க நீதித்துறை, அவற்றில் பல மாற்றுத்திறனாளிகளால் பயன்படுத்த முடியாதவை என்று 2016 ஆகஸ்டில் சொன்னது. பழையவற்றையெல்லாம் திருத்தும் செலவைக் காரணம் காட்டி, 20,000-க்கும் மேற்பட்ட வீடியோ, ஆடியோ பதிவுகளைப் பல்கலைக்கழகம் 2017-இல் பொதுப் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது. கேட்க முடியாதவருக்கும் கிடைக்கவில்லை, கேட்க முடிந்தவருக்கும் கிடைக்கவில்லை. புகார் கொடுத்தவர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. தொடக்கத்திலிருந்தே பதிவுக்குப் பதிவு சப்டைட்டில் போட்டிருந்தால் அந்த மலை குவிந்திருக்காது என்பது என் கட்சி.

14. அதுதான் கணினியே தானாகப் போட்டுவிடுகிறதே?

போடுகிறது, முன்னைவிட நன்றாகவே போடுகிறது. ஆனால் துறைச் சொற்களில்தான் சறுக்கும், மாணவருக்கு வேண்டியதும் துறைச் சொற்கள்தான். ஒரு வெப்ப இயக்கவியல் விரிவுரையில் ‘என்ட்ரோபி’ வந்த இடத்திலெல்லாம் ‘என்ன திருப்பி’ என்று இருந்தது. சிரித்துவிட்டுத் திருத்தினோம். சிரிக்க முடியாத பிழைகளும் உண்டு. ‘இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது’ என்பதில் கடைசிச் சொல் விழுங்கப்பட்டு ‘இந்த மருந்தைக் கொடுக்க’ என்று நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

முழுதாகத் திருத்த நேரம் இல்லையென்றால் மூன்றை மட்டும் பாருங்கள்: எண்கள், துறைச் சொற்கள், ‘இல்லை’, ‘கூடாது’ போன்ற எதிர்மறைகள். பாடத்தின் இருபது முப்பது சொற்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டால், ஒரே பிழையை ஒரே தடவையில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம். இரண்டாவது வாரத்திலிருந்து வேலை பாதியாகக் குறையும்.

15. நான் வகுப்பில் கேட்ட அசட்டுக் கேள்வியும் பதிவாகிவிட்டதே. எடுத்துவிட முடியுமா?

முடியும். கேட்டுக்கொண்டால் வெட்டிவிடுவோம், காரணம் சொல்லத் தேவையில்லை. (அந்தக் கேள்வி அசடாக இருக்காது. பதிவில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும் இடம் பல நேரம் அதுவாகத்தான் இருக்கும்.)

இந்தச் சங்கடமே வராமல் தடுக்க வழி உண்டு. பதிவு நடக்கிறது என்பதை ஆசிரியர் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேமராவில் விழாத இருக்கைகள் எவை என்று காட்ட வேண்டும். 5-ஆம் கேள்வியில் சொன்னதுபோல் கேள்வியை ஆசிரியர் திருப்பிச் சொன்னால் மாணவரின் குரலைத் தாராளமாக எடுத்துவிடலாம். மாணவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தையோ அரசியலையோ மதத்தையோ பேசும் கலந்துரையாடல் வகுப்புகளைப் பதியவே வேண்டாம். பதிவு ஓடுகிறது என்று தெரிந்தால் அங்கே யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள்.

16. பேராசிரியர் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை. நானே செல்பேசியில் பதிந்துகொள்ளலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ‘எனக்கு மட்டும், ஒலி மட்டும், தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவேன்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். உடல் நிலை அல்லது கற்றல் சிரமம் காரணமாக உங்களுக்குப் பதிவு தேவை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகம் வழியாகக் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அதற்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. ஒளித்து வைத்துப் பதிந்து குழுவில் பகிர்வது, அந்த ஆசிரியர் எதற்குப் பயந்தாரோ அதையே நிரூபித்துக் காட்டுவதாகும்.

17. பதிவு யாருக்குச் சொந்தம்? நான் வேறு இடத்துக்குப் போய்விட்டால்?

நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளை எடுத்துப் படியுங்கள். அதில் தெளிவு இல்லையென்றால் பதிவு தொடங்கும் முன்பே மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: யார் பார்க்கலாம், எதுவரை வைத்திருப்பார்கள், நீங்கள் விலகிய பிறகு பயன்படுத்தலாமா. ஒரு பக்கம் போதும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் இணையவழிக் கலை வரலாற்றுப் பாடம் படித்த ஒரு மாணவர், 2021 ஜனவரியில் தன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்ப முகவரி தேடினார். தேடியபோதுதான் அந்தப் பேராசிரியர் 2019-லேயே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. பதிவு செய்த விரிவுரைகள் ஓடிக்கொண்டிருந்தன, நடைமுறையில் வேறொருவர் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மாணவரிடம்தான் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

18. வகுப்பில் ஒரு படத்தின் காட்சியைப் போட்டுக் காட்டினேன். பதிவில் வரலாமா?

நான்கு சுவருக்குள் காட்டுவதும், இணையத்தில் ஏற்றுவதும் காப்புரிமைச் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பல நாட்டுச் சட்டங்கள் வகுப்பறைக்குச் சலுகை தருகின்றன, அந்தச் சலுகை பொதுத் தளத்துக்கு நீளாது. காட்சி ஓடும் நேரத்தில் பதிவை நிறுத்திவிட்டு, எந்தப் படம், எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பு எழுதுங்கள். ஸ்லைடில் ஒட்டும் புகைப்படங்களுக்கு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பிறர் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் அனுமதி) கிடைப்பவற்றைத் தேடி, எடுத்தவர் பெயரோடு போடுங்கள்.

19. போன ஆண்டுப் பதிவையே இந்த ஆண்டும் போட்டுவிடலாமா?

போடலாம், ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு. ஒரு பாடத்தின் பழைய பதிவை அப்படியே ஏற்றினோம். நாற்பதாவது நிமிடத்தில் ஆசிரியர் ‘அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உள்தேர்வு, மறக்காதீர்கள்’ என்று சொல்லியிருந்தார், அது சென்ற ஆண்டின் வெள்ளிக்கிழமை. இந்த ஆண்டு அதே மணிக்கு ஏழு மாணவர்கள் பேனாவும் கையுமாகப் பூட்டிய அறையின் முன் நின்றார்கள். தேதி, தேர்வு, மதிப்பெண் பற்றிய அறிவிப்புகளைப் பதிவை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். மறு ஆண்டு வேலை மிச்சம்.

20. பதிவில் நான் தவறான சூத்திரம் எழுதிவிட்டேன். மறுபடி முழுவதும் பதிய வேண்டுமா?

வேண்டாம். வீடியோவுக்குக் கீழே ‘23:15-இல் குறி தவறு, கூட்டல் அல்ல, கழித்தல்’ என்று எழுதிவிடுங்கள். முடிந்தால் அந்த நொடியில் திரையிலேயே ஒரு வரி போடலாம்.

21. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? சர்வரில் இடம் இல்லை என்கிறார்கள்.

இடம் ஒரு சாக்கு. வாரத்துக்கு 200 மணி நேரப் பதிவு, பதினைந்து வாரம் என்றால் 3,000 மணி நேரம். 7-ஆம் கேள்வியின் கணக்குப்படி அது 1.35 டெராபைட். மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும்.

வைத்திருக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவை வேறு: சம்மதம் எதுவரை இருக்கிறது, பாடம் இன்னும் அதேதானா. மறுதேர்வு முடியும்வரை கட்டாயம் வைத்திருங்கள், ஏனென்றால் பதிவு அதிகம் தேவைப்படுவது தோற்றவருக்கு. அதன் பிறகு ஆசிரியரிடம் கேட்டு, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். சட்டமும் மருத்துவமும் சீக்கிரம் பழையதாகிவிடும். நேரியல் இயற்கணிதம் பத்து ஆண்டு தாங்கும்.

22. பதிவைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிக்கொள்ளலாமா?

இரண்டு சிக்கல்கள். முதலாவது, வகுப்புக்கு மட்டும் என்று கொடுத்த ஒருவரின் குரலை வெளி நிறுவனத்தின் கணினியில் ஏற்றுகிறீர்கள். 15, 17 ஆகிய கேள்விகளில் சொன்ன சம்மதம் அதற்கு நீளுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, பெரும்பாலான செயலிகள் சப்டைட்டிலைத்தான் படிக்கின்றன. 14-ஆம் கேள்வியின் ‘என்ன திருப்பி’ அங்கேயும் போய் உட்காரும், இந்த முறை நல்ல மொழிநடையில், பிழை என்று தெரியாத விதத்தில். பலகையில் எழுதி, வாயால் சொல்லாமல் விட்டது சுருக்கத்தில் வராது. எந்தப் பகுதியை மறுபடி பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சுருக்கம் உதவும். அதை மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போனவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

23. பதிவே ஆகவில்லையாம். இனி என்ன செய்வது?

எனக்கே நடந்தது. மெமரி கார்டு முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நிறைந்துவிட்டது. கேமரா ஓடுவதுபோலவே நின்றது, நான் அறைக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முந்தைய கடைசி விரிவுரை அது.

அப்படி நடந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். ‘விரைவில் ஏற்றப்படும்’ என்று போட்டுவிட்டு இரண்டு வாரம் காக்க வைப்பதுதான் மாணவர்கள் மன்னிக்காத குற்றம். பலகை இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் ஓடிப்போய்ப் படம் எடுங்கள். முன் வரிசையில் தெளிவாகக் குறிப்பெடுக்கும் மாணவர் ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் கேட்டு நகல் வாங்குங்கள். ஆசிரியரிடம் விட்டுப்போன பகுதியை மட்டும் செல்பேசியில் பதினைந்து நிமிடம் பேசித் தரச் சொல்லுங்கள். அன்று அந்தப் பேராசிரியர் தன் அறையில் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டே பேசிக் கொடுத்தார். தாளைப் படம் எடுத்து ஒலியோடு சேர்த்து மாலை ஆறு மணிக்குள் ஏற்றிவிட்டோம். அந்தப் பாடத்தில் அந்தப் பருவம் அதிகம் பதிவிறக்கப்பட்ட கோப்பு அதுதான்.